சித்தன்னவாசல் போய் வந்தோம்: அம்மா கேட்டதுக்கு யாராவது பதில் சொல்லுங்க

மேலராஜவீதி

பிறந்த ஊர் புதுக்கோட்டை, வாக்கப்பட்டது ஈரோடு. குகைக்கோயிலும் பழைய ஓவியமும் இருக்கிற சித்தன்னவாசல் மலை எங்க அம்மா வீட்டுல இருந்து 16 கிலோமீட்டர். ஏழாவது படிக்கிறப்ப பள்ளிக்கூடத்துல ஒரு தடவை கூட்டிட்டுப் போனாங்க. டப்பாவுல கொண்டுபோன தக்காளி சோறும், பஸ்ல வாந்தி எடுத்த சிநேகிதியும்தான் ஞாபகத்துல இருக்கு. ஓவியம்னு ஒண்ணைப் பார்த்தேனான்னே தெரியல. பக்கத்துல இருக்கிறதை எப்ப வேணும்னாலும் பார்த்துக்கலாம்னு 27 வருஷம் ஓடிப்போச்சு.

அரைப் பரீட்சை லீவுக்கு வந்த இடத்துல நேத்து கிளம்பிட்டோம். நான், வீட்டுக்காரர், மக (13), மகன் (8), அப்பா (74), அம்மா. காலையில ஏழு மணிக்கு வண்டி எடுத்தாச்சு. வெயில் ஏறிட்டா பாறையில காலை வைக்க முடியாதுன்னு அப்பா சொன்னதால முதல்ல மலைமேல இருக்கிற ஏழடிப்பட்டம் குகை. அம்மாவுக்கு முழங்கால் வலி, கீழே மரத்தடியில உட்கார்ந்துட்டாங்க. அப்பா நின்னு நின்னு ஏறிட்டார்.

உச்சிக்குப் போய் மலையோட மறுபக்கம் இறங்கணும். ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் பள்ளம், நடுவுல ஒடுக்கமா வழி. இப்போ கைப்பிடிக் கம்பி இருக்கு. அப்பா பையனா இருந்தப்ப சைக்கிள்ல டபுள்ஸ் அடிச்சுக் கூட்டாளிகளோட வருவாராம். "அப்ப ஏது கம்பி? பாறையில வெட்டியிருக்கிற இந்த ஏழு குழியில காலை வச்சுத்தான் போவோம்"னார். அதனாலதான் ஏழடிப்பட்டமாம். உள்ளே பாறையில வழவழன்னு தேய்ச்ச கல் படுக்கைகள், தலைமாட்டுல தலகாணி மாதிரி மேடு. காவலர் இந்தப் பக்கம் திரும்பினதும் அப்பா என் மகன் காதுல மெதுவா, "அந்த மூணாவது இருக்கே, அது என் படுக்கை. மத்தியானம் படுத்தா குளுகுளுன்னு இருக்கும்"னார். வீட்டுல யாருக்கும் இது தெரியாது.

அப்புறம் இறங்கி வந்து, பாறையைக் குடைஞ்சு ஓவியம் தீட்டின அறிவர் கோயில். உள்ளே இருட்டு, போட்டோ எடுக்கக் கூடாதுன்னுட்டாங்க. மக அண்ணாந்து பார்த்துட்டு, "இதுக்கா இவ்ளோ தூரம் வந்தோம்? பாடப் புத்தகத்துலயே இதைவிடப் பளிச்சுன்னு இருக்கேம்மா"ன்னுட்டா. கருவறையில நின்னு 'ம்ம்ம்'னு முனகச் சொன்னார் காவலர். மகன் முனகினான், சுவர் நாலும் சேர்ந்து முனகுச்சு. அவனுக்கு மட்டும் கொடுத்த காசு வசூல். அவனுக்குச் சீட்டே கிடையாதுங்கிறது வேற விஷயம்!

வந்த விஷயத்துக்கு வர்றேன். கட்டினது மகேந்திரவர்மன்னு அப்பா சொல்றார், பாண்டியன்னு வீட்டுக்காரர் போனைக் காட்டுறார். ஊருக்குத் திரும்பி வர்ற வரைக்கும் வண்டிக்குள்ள பல்லவ பாண்டியப் போர். யார் சொல்றது சரி?

இன்னொண்ணு, அம்மா. கோயில்னு சொன்னதை நம்பிப் பூ, கற்பூரம், தீப்பெட்டி எல்லாம் மஞ்சப்பையில எடுத்துட்டு வந்துட்டாங்க. ஏத்தக் கூடாதுன்னதும் முகம் வாடிப்போச்சு. "சாமி பேராவது என்ன?"ன்னு கேட்டாங்க, எங்க யாருக்கும் தெரியல. வெளியில வந்ததும் முன் மண்டபத்துத் தூணைத் தடவிப் பார்த்துட்டு, "இது எங்க ஊர்த் தூணு மாதிரி இருக்கே"ன்னாங்க. அம்மா பிறந்தது குடுமியான்மலை. "ஆத்தா, உனக்கு எந்தக் கல்லைப் பார்த்தாலும் உங்க ஊர்தான்"னு எல்லாரும் சிரிச்சிட்டோம். அப்புறம் அவங்க பேசவே இல்லை.

கீரனூர்க்காரன்

தங்கச்சி, புளியோதரை கட்டிட்டுப் போனீங்களா இல்லையா, அதைச் சொல்லலையே. முக்கியமான தகவலை விட்டுட்டு மகேந்திரவர்மனைப் பத்திப் பேசுறீங்க.

எங்க அப்பாவும் அந்தக் கல்லுல படுத்தவர்தான். அந்தக் காலத்துப் பசங்களுக்கு ஏழடிப்பட்டம்தான் கொடைக்கானல்.

மேலராஜவீதி

அண்ணே, புளியோதரை, உருளைக்கிழங்கு வறுவல், வர்ற வழியில டவுன்ல முட்டை மாஸ். போதுமா?

கல்வெட்டுக் கிறுக்கன்

அப்பாவையும் விட்டுக்கொடுக்காமல், உங்கள் வீட்டுக்காரரையும் விட்டுக்கொடுக்காமல் பதில் சொல்ல வழி இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

1916இல் எஸ். ராதாகிருஷ்ண ஐயர் புதுக்கோட்டை சமஸ்தானத்தின் வரலாற்றை எழுதியபோது இந்த ஓவியங்களைக் குறிப்பிட்டார். சில ஆண்டுகளில் கோபிநாத ராவும் பிரெஞ்சு ஆய்வாளர் ழூவோ துப்ரேயும் வந்து பார்த்து வெளியுலகுக்குச் சொன்னார்கள். குடைவரையின் அமைப்பு பல்லவர் பாணி, மகேந்திரவர்மன் முதலில் சமணனாக இருந்தவன், அவனே ஓவியன், 'சித்திரகாரப் புலி' என்று பட்டம் வேறு. எல்லாவற்றையும் கூட்டி 7ஆம் நூற்றாண்டு, மகேந்திரன் என்று முடிவு கட்டினார்கள். உங்கள் அப்பா பள்ளிக்கூடத்தில் படித்தது இதைத்தான். அவர் மேல் தப்பில்லை.

பிறகு குடைவரைக்குத் தென்புறம் பாறையில் உள்ள கல்வெட்டு படிக்கப்பட்டது. செய்யுள் வடிவில் இருப்பது. மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்பவர் இந்த அறிவர் கோயிலைப் புதுப்பித்து முகமண்டபம் எடுத்ததாகச் சொல்கிறது. அதில் வரும் அவனிபசேகரன் என்ற பெயர் பாண்டியன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபனுடையது. அப்படியானால் 9ஆம் நூற்றாண்டு. இன்று நாம் பார்க்கும் ஓவியத்தைப் பாண்டியர் காலம் என்று பெரும்பாலோர் சொல்வது இதை வைத்துத்தான். உங்கள் வீட்டுக்காரருக்கு ஒரு கை.

ஆனால் புதுப்பித்தார் என்றால் அதற்கு முன்னால் ஒன்று இருந்திருக்க வேண்டுமே? தொல்லியல் ஆய்வாளர் கே.ஆர். சீனிவாசன் 1940களில் பார்த்தபோது இப்போதுள்ள ஓவியப் பூச்சுக்கு அடியில் இன்னொரு பழைய பூச்சு தென்பட்டது. ஆக, குடைந்தது ஒரு காலம், மேலே தீட்டியது இன்னொரு காலம். அந்த முதல் காலம் யாருடையது என்பதில் அப்பா வழக்காடலாம். மகேந்திரன் என்று சொல்ல அங்கே அவன் பெயர் பொறித்த கல்வெட்டு எதுவும் இல்லை என்பதையும் அவரிடம் சொல்லிவிடுங்கள்.

அப்பா படுத்த இடத்தின் வயது இதைவிட அதிகம். ஏழடிப்பட்டத்தில் 17 படுக்கைகள். அவற்றில் பெரியதன் மேல் தமிழி (தமிழ் பிராமி) எழுத்தில் ஒரு கல்வெட்டு. எருமிநாட்டுக் குமுழூரில் பிறந்த காவுடி என்பவருக்காகச் சிறுபாவில் இளையர் என்பவர் செய்து கொடுத்த இருக்கை என்று பொருள். இருக்கைக்கு 'அதிட்டானம்' என்ற சொல்லை வெட்டியிருக்கிறார்கள். ஏறத்தாழ 2,000 ஆண்டுப் பழமை. பின்னால் வந்த துறவிகள் பெயரும் மற்றப் படுக்கைகளின் பக்கத்தில் உண்டு: திருநீலன், திருப்பூரணன், திட்டைச்சரணன் என்று. மூன்றாவது யாருடையது என்று எனக்குச் சொல்லத் தெரியாது. உங்கள் அப்பாவுடையது என்று வைத்துக்கொள்வோம்.

திருச்சி_தம்பி

நல்லாத்தான் இருக்கு, ஆனா அந்தப் பாறையில ஆணி வச்சுப் பேர் கிறுக்கி, அம்பு விட்டு, ஹார்ட்டு போட்டு வச்சிருக்கானுங்களே, அதையும் 2,000 வருஷம் கழிச்சு யாராச்சும் படிப்பாங்களா? நான் போனப்ப அதைப் பார்த்துத்தான் வயிறு எரிஞ்சுது. சின்னப் புள்ளைங்களைக் கூட்டிட்டுப் போறதுக்கு நேரா பிள்ளையார்பட்டி போயிருக்கலாம். அதுவும் குடைவரைதான். கற்பூரம் ஏத்தலாம், அம்மாவும் சந்தோஷப்பட்டிருப்பாங்க.

கீரனூர்க்காரன்

தம்பி, பிள்ளையார்பட்டிக்குக் கூட்டம் போதும்யா. இங்கேயாவது நாலு பேர் போகட்டும்.

தூரிகை வாத்தியார்

நான் ஓவிய ஆசிரியர். வருஷத்துக்கு ஒரு தடவையாவது பிள்ளைகளை அங்கே கூட்டிப் போகிறவன். உங்கள் மகள் சொன்னதை என் மாணவர்கள் எல்லாருமே சொல்லியிருக்கிறார்கள், அதனால் வருத்தப்படாதீர்கள். நானும் முதல் தடவை அப்படித்தான் நினைத்தேன்.

ஒரே ஒரு தப்புத்தான் எல்லாரும் செய்வது. வெளியே சுள்ளென்று அடிக்கிற வெயிலிலிருந்து நேராக உள்ளே போய் உடனே அண்ணாந்து பார்ப்பது. கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. நான் பிள்ளைகளை உள்ளே சுவர் ஓரமாகப் பத்து நிமிஷம் தரையைப் பார்த்து உட்கார வைப்பேன். அதற்குப் பிறகு தலையைத் தூக்கச் சொல்வேன். முதலில் பச்சை வரும். அது தாமரை இலை. அப்புறம் இலைக்கு நடுவே மொட்டு, விரிந்த பூ, பாதி விரிந்த பூ. அப்புறம்தான் மீன். "சார், மீன் சார்!" என்று எவனாவது ஒருத்தன் கத்துவான். அந்தச் சத்தத்துக்காகவே நான் போகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மீனைக் கண்டுபிடித்தால் மற்றது தானாக வரும். யானை, எருமை, அன்னம். குளத்துக்குள் நிற்கும் மூன்று ஆட்கள், பூப் பறிக்கிறார்கள். ஒருவர் தோளில் தாமரைத் தண்டைச் சார்த்திக்கொண்டிருப்பார். அந்தக் கை வளைவைப் பாருங்கள். வரைந்தவன் கோட்டைத் திருத்தவே இல்லை, ஒரே இழுப்பு. அண்ணாந்தபடி, விளக்கு வெளிச்சத்தில், கூரையில் இழுத்த கோடு அது. நான் மேஜையில் காகிதத்தை வைத்துக்கொண்டு முப்பது வருஷமாக முயற்சி பண்ணுகிறேன்.

தாமரைக் குளத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள், தூண்களை விட்டுவிடுவார்கள். முன்னால் உள்ள இரண்டு தூண்களில் ஆளுக்கொரு நடனப் பெண். இப்போது மங்கிப்போய், சாய்ந்து பார்த்தால்தான் பிடிபடும். ஒரு தூணின் உட்பக்கத்தில் அரசனும் அரசியும். மகேந்திரன் என்று முன்னால் சொன்னதும், பாண்டியன் என்று இப்போது சொல்வதும் இந்த மகுடக்காரரைத்தான். கருவறைக் கூரையில் கம்பளம் விரித்த மாதிரி ஒரு சித்திரம் உண்டு. உங்கள் மகன் முனகிக்கொண்டு நின்றானே, அவன் தலைக்கு நேர் மேலே.

'மூலிகைச் சாறில் வரைந்தது' என்று அங்கே யாராவது சொல்லியிருப்பார்கள். கேட்க நன்றாக இருக்கும். எஸ். பரமசிவன் என்ற வேதியியலாளர் சுரண்டி எடுத்துச் சோதித்துப் பார்த்ததில் கிடைத்தவை பெரும்பாலும் கல்லும் மண்ணும்தான்: காவி, மஞ்சள் காவி, பச்சை மண். வெள்ளைக்குச் சுண்ணாம்பு. மூலிகை என்பதைவிட இது எனக்குப் பெரிய அதிசயமாகப் படுகிறது. காலில் மிதிக்கிற மண்ணிலிருந்து அந்தக் குளத்தை எடுத்திருக்கிறான்.

பாடப் புத்தகத்துப் படம் பளிச்சென்று இருப்பது உண்மைதான். அச்சடிப்பவர் கொஞ்சம் தாராளமாக மையைக் கொட்டியிருப்பார்.

மேலராஜவீதி

சார், மக இதைப் படிச்சிட்டு "நான் மீனே பார்க்கலையே"ன்னு ஒரு மாதிரி ஆயிட்டா. பத்து நிமிஷம் இல்ல, நாங்க மொத்தமே எட்டு நிமிஷம்தான் உள்ளே இருந்திருப்போம்.

வந்தவாசி நயினார் வீட்டுப் பெண்

வணக்கம். நாங்கள் தமிழ்ச் சமணக் குடும்பம். அம்மா கேட்ட கேள்விக்கு நான் பதில் சொன்னால் பொருத்தமாக இருக்கும் என்று நினைக்கிறேன். கற்பூரத்தோடு வந்தவர்களைப் பார்த்து முகம் சுளிக்கிறவர்கள் உண்டு. எனக்கு அப்படி இல்லை. எந்தச் சாமி என்று தெரியாமலே பூ எடுத்து வந்த அம்மாவை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

உள்ளே போனதும் கருவறைக்கு முன்னுள்ள அர்த்தமண்டபத்தில் ஒரு பக்கம் தலைக்கு மேல் பாம்பு படம் எடுத்து நிற்குமே, அவர் பார்சுவநாதர், 23ஆம் தீர்த்தங்கரர். தீர்த்தங்கரர் என்றால் நாங்கள் வணங்கும் அருகர், அறம் உரைத்தவர். நாகராஜா சாமி என்று பலர் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். எதிர்ப்பக்கம் இருப்பவர் ஓர் ஆசாரியர், அதாவது சமணக் குரு. அங்கே 'திருவாசிரியன்' என்று எழுத்தும் இருக்கிறது. கருவறையில் மூன்று பேர். யார் தீர்த்தங்கரர், யார் ஆசாரியர் என்று எப்படிக் கண்டுபிடிப்பது தெரியுமா? குடையை எண்ண வேண்டும். தலைக்கு மேல் முக்குடை இருந்தால் தீர்த்தங்கரர். ஒற்றைக் குடை என்றால் ஆசாரியர். உங்கள் மகனிடம் சொல்லுங்கள், அடுத்த தடவை முனகி முடித்ததும் எண்ணிப் பார்க்கட்டும்.

'அறிவர்' என்றால் எல்லாம் அறிந்தவர். அருகனைச் சொல்வது. அம்மாவிடம் "அறிவர் சாமி" என்றே சொல்லுங்கள், அது சரியான பெயர்தான்.

தாமரைக் குளம் பற்றி ஓவிய ஆசிரியர் ஐயா அழகாக எழுதிவிட்டார். எங்கள் பக்கத்தில் அதைச் சமவசரணத்தின் ஒரு பகுதி என்போம். தீர்த்தங்கரர் அறம் உரைக்கும் மண்டபத்துக்குப் போகிற வழியில் வரும் நீர்நிலை. அதைக் கடந்து போகிறவர்கள் இறங்கிப் பூப் பறிக்கிறார்கள், அவருக்குச் சார்த்துவதற்கு. அந்த மூன்று பேரும் உங்கள் அம்மா மாதிரித்தான், கையில் பூவோடு போகிறவர்கள்.

ஒன்றை மட்டும் சொல்லிக்கொள்கிறேன். அந்தப் படுக்கைகளில் துறவிகள் தவம் இருந்தார்கள்; உணவை விட்டு உயிர் துறந்தவர்களும் இருந்திருக்கலாம் என்பார்கள். சித்தர் குகை, மூலிகை, ரசமணி என்று காணொளி போடுகிறவர்கள் இதையெல்லாம் சொல்வதில்லை. உங்கள் அப்பா சிறுவனாகப் படுத்ததில் ஒரு பாவமும் இல்லை, அவரிடம் சொல்லுங்கள்.

மேலராஜவீதி

அக்கா, இதைச் சத்தமா வாசிச்சுக் காட்டினேன். அம்மா இருந்த இடத்துல இருந்தே கையெடுத்துக் கும்பிட்டாங்க. அப்பா, "ஏழெட்டு வாட்டி படுத்திருக்கேன், அதைக் கேட்டியா?"ன்னார்.

திருச்சி_தம்பி

சரி, பிள்ளையார்பட்டியை வாபஸ் வாங்கிக்கிறேன். கிறுக்கின பசங்களை மட்டும் மன்னிக்க மாட்டேன்.

ஒரு சந்தேகம். அங்கே குளத்துக்குள்ள ஒரு கோயில் முங்கிக் கிடக்குன்னு சொன்னாங்களே, அது நிஜமா, கதையா?

கல்வெட்டுக் கிறுக்கன்

நிஜம். நவச்சுனை என்று மலைமேல் ஒரு சுனை. அதற்குள் சின்னக் குடைவரை, உள்ளே லிங்கம். தண்ணீரை இறைத்தால்தான் பார்க்க முடியும். நானும் பார்த்ததில்லை, சுனையை எட்டிப் பார்த்ததோடு சரி.

அடிவாரத்தைச் சுற்றி வட்ட வட்டமாகக் கல் அடுக்கிய இடங்களையும் வண்டியில் போகும்போது தாண்டியிருப்பீர்கள். பெருங்கற்காலத்து ஈமக் கல்வட்டங்கள். படுக்கை வெட்டியவர்களுக்கும் முந்தியவர்கள். யாரும் வண்டியை நிறுத்துவதில்லை.

பழைய சமஸ்தானம்

எல்லாரும் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டீர்கள். அம்மா தூணைத் தடவிப் பார்த்ததை மட்டும் ஒருவரும் தொடவில்லை. அதற்காகத்தான் இந்தக் கிழவன் இப்போது எழுதுகிறேன்.

குடைவரைக்கு முன்னால் இளங்கௌதமன் எடுத்த முகமண்டபம் காலப்போக்கில் இடிந்துபோனது. தூண் ஓவியங்களில் நேராக வெயிலும் மழையும் பட்டுக்கொண்டிருந்தன. நடனப் பெண்கள் இவ்வளவு மங்கியதற்கு அதுவும் காரணம். சமஸ்தானத்துக்கு டாட்டன்ஹாம் துரை நிர்வாகியாக இருந்தபோது (அவர் காலம் 1934 முதல் 1946 வரை) முன்னால் ஒரு மண்டபம் கட்டி நிழல் கொடுக்க வேண்டும் என்று ஏற்பாடு செய்தார். புதுத் தூண் செதுக்கவில்லை. பக்கத்தில் ஒரு பழைய கோயிலில் சிதைந்து கிடந்த மண்டபத்தின் தூண்களைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

அந்தப் பழைய கோயில் குடுமியான்மலை.

அம்மா சொன்னது சரி. சிரித்தவர்கள் அத்தனை பேரும் மன்னிப்புக் கேளுங்கள்.

கீரனூர்க்காரன்

அடேயப்பா! எனக்கு மயிர்க்கூச்செறியுது. தங்கச்சி, முதல்ல போய் அம்மாகிட்ட சொல்லு, அப்புறம் இங்கே வா.

கல்வெட்டுக் கிறுக்கன்

எத்தனையோ தடவை அந்தத் தூணில் முதுகு சாய்த்து உட்கார்ந்து கல்வெட்டுப் படித்திருக்கிறேன். எனக்குத் தோன்றவில்லை. சின்ன வயதில் சுற்றி ஓடி விளையாடிய கை அல்லவா, அதுதான் கண்டுபிடித்திருக்கிறது.

குடுமியான்மலைக்கும் ஒரு நாள் போய் வாருங்கள். அங்கும் மேலைக்கோயில் என்று குடைவரை இருக்கிறது. பக்கத்துப் பாறையில் இசைக் கல்வெட்டு. ஏழு பண்களுக்கும் சுரக்கோவைகள் கிரந்த எழுத்தில் வரிசையாக வெட்டியிருக்கும். கடைசியில் 'எட்டிற்கும் ஏழிற்கும் இவை உரிய' என்று தமிழில் ஒரு வரி. அதையும் மகேந்திரவர்மன் வெட்டியது என்று நெடுநாள் சொன்னார்கள், அதற்கும் மறுப்பு உண்டு. உங்கள் வண்டிக்குள் அடுத்த போருக்கு ஆயிற்று. மலைச்சரிவில் நாயன்மார்கள் வரிசையாக நிற்பார்கள், நடுவே விடைமேல் சிவனும் பார்வதியும். கீழே நின்று அண்ணாந்து தேட வேண்டும். மகளுக்குப் பத்து நிமிஷம் கொடுங்கள்.

மேலராஜவீதி

சொல்லிட்டேன். பழைய சமஸ்தானம் ஐயா எழுதினதை அப்படியே வாசிச்சேன். நாங்க எல்லாரும் வரிசையா நின்னு மன்னிப்பும் கேட்டோம், வீட்டுக்காரர் உட்பட.

அம்மா சந்தோஷப்படுவாங்கன்னு பார்த்தா, கோபம் வந்துடுச்சு. "சொல்லாமக் கொள்ளாம எங்க ஊர்த் தூணைத் தூக்கிட்டு வந்துட்டானா அந்தத் துரை? எங்கே இருந்து எடுத்தான், எத்தனை எடுத்தான்னு நான் பார்க்கணும்"னாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு அவங்களா, "சரி, சும்மா விழுந்து கிடந்ததுதானே. அந்தச் சாமிக்கு நிழலாச்சுல்ல"ன்னாங்க. அப்புறம் ராத்திரி சாப்பிடுறப்ப மறுபடியும் கோபம்.

ஞாயித்துக்கிழமை காலையில குடுமியான்மலை. அது முடிஞ்சு அப்படியே சித்தன்னவாசல், மக மீன் பார்க்கணுமாம். மகன் குடை எண்ணணும். அப்பா மூணாவது படுக்கையை இன்னொரு தடவை பார்க்கணும்னு இன்னும் வாய்விட்டுச் சொல்லலை, ஆனா செருப்பைத் தைக்கக் கொடுத்திருக்கார். நேத்து ஏத்தாமத் திரும்பி வந்த கற்பூரத்தை அம்மா அதே மஞ்சப்பையில வச்சு ஆணியில மாட்டியாச்சு. குடுமியான்மலை சிகாநாதசாமிக்கு ஏத்தலாம்ல? அங்கே யாரும் தடுக்க மாட்டாங்களே?

கீரனூர்க்காரன்

தாராளமா ஏத்தலாம். புளியோதரை ஒரு பொட்டலம் கூடுதலாக் கட்டுங்க, நானும் வர்றேன்.